மூன்றாவது கிளாரினெட்

பர்மாவில் குண்டு விழுந்து, எங்கள் பக்கத்து ஜனங்கள் நடந்தே திரும்பிய சமயம். அக்காவின் கணவர் ரங்கூனில் ஒரு நாடகக் கம்பெனியில் கிளாரினெட் வாசித்தவர். அவர் திரும்பவில்லை. கடிதமும் இல்லை.

மறு வருஷம் சேலத்துக் கல்யாண பேண்டு ஒன்றுக்கு ஒரு கிளாரினெட் வந்து சேர்ந்தது. அவர் வைத்திருந்த அதே பிரெஞ்சுக் கம்பெனியின் முத்திரை. பர்மாவிலிருந்து நடந்து வந்த ஒருவர், வழியில் செத்துக் கிடந்த யாரோ ஒருவர் பக்கத்திலிருந்து எடுத்து வந்தது. முகத்தைப் பார்க்கவில்லை என்றார். அது அக்கா கணவருடையதுதான் என்றால் அக்கா தாலியைக் கழற்ற வேண்டும்.

"ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு குரலுங்க. பாக்காமயே சொல்லிருவேன்," என்றார் பேண்டு மாஸ்டர். நான் பத்திரிகைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தவன். சோதித்துவிடலாம், கணவரின் வாத்தியத்தை அக்கா காதால் அடையாளம் காண்கிறாளா என்றும் பார்த்துவிடலாம் என்றேன்.

வேட்டியைத் திரையாகக் கட்டி, மாஸ்டரோடு அக்காவையும் அவள் மாமியாரையும் முன்னால் நிறுத்தினோம். திரைக்குப் பின்னால் ஒரே ஆள் ஒரே பாட்டை மூன்று வாத்தியங்களில் வாசித்தார். முதலாவது ஜெர்மன். மாஸ்டர் அதைப் பிரெஞ்சு என்றார்.

"மாஸ்டரே, காதுக்கு ஒரு சீவாளி வாங்கி மாட்டுங்க," என்றார் டிரம் அடிப்பவர்.

இரண்டாவது வேறொரு பிரெஞ்சு. அக்கா அசையவில்லை. மூன்றாவது, பர்மாவிலிருந்து வந்தது. அடிச்சுரம் எழும் முன் லேசாகக் காற்றுச் சீறியது. அக்காவின் வலது கை கழுத்துக்குப் போய்த் தாலியை இறுகப் பிடித்தது.

"ஏஞ்சாமி, அதானா?" என்றார் அவள் மாமியார்.

"இல்லீங்க அத்தை. இது அவருதில்ல."

"எம்மவன் வந்துருவான்," என்று கிழவி தரையில் உட்கார்ந்து அழுதார். குரலை வைத்து வாத்தியத்தின் கம்பெனியைச் சொல்ல முடியாது என்று நான் அரைப் பத்தி எழுதினேன். அச்சாயிற்று.

அக்கா குடியிருந்தது எங்கள் எதிர் வீட்டில். கடைசிவரை பொட்டு வைத்துக்கொண்டாள். முகூர்த்த நாட்களில் தெருவில் பேண்டு போகும். முனையில் சத்தம் கேட்டதுமே சில நாள் அவள் கைவேலையைப் போட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைத் தாழிடுவாள். ஊர்வலம் எங்கள் வாசலைத் தாண்டும்போது பார்ப்பேன். அந்த மூன்றாவது கிளாரினெட்டாகவே இருக்கும். வேறு பேண்டுகள் வந்தபோது அவள் எழுந்ததே இல்லை.