சேலையை விலக்காமல்

அந்தமானில், போர்ட் பிளேரின் லம்பா லைன் பகுதியில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அறுபதைத் தாண்டியவர். இலங்கை மலைத் தோட்டத்தில் பிறந்து, கல்யாணமான புதிதில் நிக்கோபாரில் உள்ள கச்சால் தீவுக்கு வந்து, அங்கே ரப்பர் பால் வெட்டியே வாழ்ந்தவர். சுனாமி அவருடைய கணவரைக் கொண்டுபோய்விட்டது. அதன்பிறகு இங்கே மகன் வீட்டோடு வந்துவிட்டார். நான் அபர்டீன் பஜார் பக்கம் ஒரு அரசு அலுவலகத்தில் கிளார்க். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினால், அவர் வெளியே உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருப்பார். கொஞ்ச நேரம் பேசிவிட்டுத்தான் வீட்டுக்குள் போவேன்.

சுனாமி முடிந்து சில வருடங்கள் ஆனபின், எங்கள் பகுதிச் சமூகக் கூடத்தில் ஐம்பது வயதைக் கடந்த பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம் என்று அறிவித்தார்கள். எனக்கும் ஐம்பது தாண்டியிருந்தது. சேர்ந்தே போகலாம் என்று அக்காவைக் கூப்பிட்டேன். வலியே இல்லாதபோது எதற்கு என்றார். மறுநாள், நர்ஸ் இந்தியில் கேட்டால் தனக்குப் பதில் சொல்லத் தெரியாது என்றார். கச்சாலில் எல்லோரிடமும் இந்தியிலேயே சண்டை போட்டவர் அவர். நான் சிரித்துவிட்டேன்.

பிறகு, எதையாவது கண்டுபிடித்து மெயின்லேண்டுக்குக் கப்பல் ஏற்றிவிடுவார்கள், மகனுக்குத்தான் கஷ்டம் என்றார். அதற்கு என்னால் சிரிக்க முடியவில்லை. வைத்தியத்துக்காகச் சென்னைக்குப் போனவர்களின் வீடுகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்ததை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறோம்.

முகாமுக்கு முந்தின நாள் மறுபடி கேட்டேன். மீனிலிருந்து கையை எடுக்காமல், தலை நிமிராமல் சொன்னார்:

"அலை என்னய இழுத்துட்டுப் போயி மரத்துல சொருகிருச்சு தங்கச்சி. மேல ஒரு துணி இல்ல. எறக்குனது எல்லாம் எங்க தோட்டத்து ஆம்பளைங்க. யாரோ கோணிய எடுத்துப் போத்துனாங்க. உசிரக் காப்பாத்துனவங்க, குத்தம் சொல்ல ஏலாது. ஆனா அன்னைக்கிலேர்ந்து யாரு முன்னுக்கும் என்னால சேலைய எடுக்க ஏலாது. குளிக்கையில நானே குனிஞ்சு பாக்குறதில்ல."

அதற்குமேல் வற்புறுத்த மனம் வரவில்லை.

மறுநாள் தனியாகப் போனேன். நர்ஸ் ஒரு வங்காளிப் பெண், என்னைவிடச் சின்னவள். என்னைப் பார்த்து முடித்ததும், சுனாமிக்குப் பிறகு யார் முன்னாலும் சேலையை விலக்க முடியாத ஒருவர் பக்கத்து வீட்டில் இருக்கிறார் என்று மட்டும் இந்தியில் சொன்னேன். அவள் காரணம் கேட்கவில்லை. சேலை அப்படியே இருக்கட்டும், கையால் தொட்டுப் பார்த்தாலே ஓரளவு தெரியும், கூட்டம் போனபிறகு அழைத்து வாருங்கள் என்றாள்.

அக்காவிடம் வந்து சொன்னேன். மத்தியானம் அவரே சேலை மாற்றிக்கொண்டு எங்கள் கேட்டருகே நின்றிருந்தார்.

கூடத்து மேஜையில் படுத்தவர் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். நர்ஸ் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, முந்தானைக்கு அடியில் கையை மட்டும் நகர்த்தினாள். பேரப்பிள்ளைகள் எத்தனை என்று இந்தியில் கேட்டாள். அக்கா இந்தியிலேயே சொன்னார். இடது பக்கம் அவள் கை நின்றது. சின்னதாக ஒரு கட்டி தட்டுப்படுகிறது, பெரும்பாலும் பயப்பட ஒன்றும் இருக்காது, ஆனால் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டியே ஆகவேண்டும் என்றாள். பெண் டாக்டரே பார்க்கும்படி தானே சொல்லி வைப்பதாகவும் சொன்னாள்.

இனி வரவே மாட்டார் என்று நினைத்தேன். வழியில் அவர் கேட்டது வேறு.

"அந்தப் புள்ள கண்ண அந்தப் பக்கம் திருப்பி வச்சிருந்திச்சு, பாத்தியா?"

ஆஸ்பத்திரிக்கு மருமகள் கூடப் போனாள். ஸ்கேன் எடுத்து, கட்டியிலிருந்து ஊசியால் கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை இரண்டு வீட்டிலும் யாருக்கும் நிம்மதி இல்லை. கடைசியில் வெறும் நீர்க்கட்டிதான் என்று தெரிந்தது. வருடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினார்கள்.

அடுத்த வருட முகாமின்போது நான் ஊரில் இல்லை. மகள் பிரசவத்துக்காக மதுரையில் இருந்தேன். அக்கா போன் செய்தார்.

"போயிட்டு வந்துட்டேன் தங்கச்சி. ஒண்ணும் இல்லையாம். இந்தத் தடவ வேற நர்சு. சேலைய எடுக்க மாட்டேன்னு நானே சொல்லிட்டேன்."

பிறகு, குழந்தைக்குப் பால் போதுமா என்று விசாரிக்க ஆரம்பித்தார்.