ரெனால்டுக்குப் பைலா வேண்டும்

கொட்டாஞ்சேனை ரெனால்டின் காதுக்குள் ஓர் ஆள் இருக்கிறான். வேறு யாருக்கும் கேட்காத குரல் அது. நீ உதவாதவன், வெளியே போகாதே, எல்லோரும் உன்னைத்தான் பார்க்கிறார்கள் என்று ஓயாமல் திட்டும். கிளினிக்கில் தந்த மருந்தை ரெனால்ட் ஒழுங்காகப் போட்டதில் அந்தக் குரல்காரனுக்குத் தொண்டை கொஞ்சம் கட்டியது. மிச்சத்தைப் பாட்டுப் பார்த்துக்கொண்டது. அதுவும் எந்தப் பாட்டு? பைலா, கொழும்புக் கல்யாணங்களில் கிழடுகளையும் ஆடவைக்கும் துள்ளல் பாட்டு. மேளம் துள்ளத் தொடங்கினால் போதும், ஆள் கப்சிப்.

அக்கா றோஸிக்கு இது தெரியாது. சுகமில்லாத ஆள் இருக்கும் வீட்டில் மெதுவான மாதா ஜெபப் பாட்டுகள்தான் போட வேண்டும் என்பது அவள் தீர்மானம். விடிந்தால் பொழுதுபடும்வரை அதுதான். தம்பிமேல் அவளுக்கு உயிர், பாவம். ஆனால் அந்தப் பாட்டுகளின் அமைதியில்தான் குரல்காரன் வசதியாகக் கால் நீட்டிக்கொள்வான். சொன்னால் மாதாவைக் குறை சொன்னதாகிவிடுமோ என்று ரெனால்ட் வாய் திறக்கவில்லை. குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு, ஹெட்போனில் திருட்டுத்தனமாகப் பைலா கேட்டுவந்தான்.

றோஸியின் மகள் சாமினிக்கு வத்தளையில் ஹோல் எடுத்துக் கல்யாணம். கூட்டத்தைக் கண்டால் ரெனால்ட் தெருவுக்கு ஓடிவிடுவான் என்று சொந்தக்காரர் பயந்தார்கள். முன்பொரு கல்யாணத்தில் ஓடியும் இருக்கிறான்.

"மாமா வராட்டி நான் கேக் வெட்ட மாட்டன்," என்று சாமினி ஒரே பிடி.

ரெனால்டுக்கும் அதே ஆசைதான். மருமகளின் கல்யாணத்தில் கடைசிவரை இருந்துவிட வேண்டும்.

கோட்டும் டையுமாக வந்து உட்கார்ந்தான். ஆனால் றோஸி செய்த வேலையைப் பாருங்கள்! தம்பிக்கு ஆகாது என்று இசைக்குழுவிடம் சொல்லிப் பைலாவையே நிறுத்திவைத்திருந்தாள். பைலா இல்லாமல் கொழும்பில் ஒரு கல்யாணமா? விருந்தாளிகள் செத்தவீட்டுக்கு வந்தவர்களைப் போலக் கட்லட்டை மென்றார்கள். குரல்காரனுக்கோ கொண்டாட்டம். எழும்பு, ஓடு என்று கத்தினான். ரெனால்ட் எழும்பினான். றோஸி பதறிக்கொண்டு வந்து அவன் கையைப் பிடித்தாள்.

"வீட்ட போவமா தம்பி?"

"இல்லக்கா. பைலா போடச் சொல்லுங்க. மெல்லிசான பாட்டுக்குத்தான் அவன் கூடக் கத்துறான். பைலா எண்டா வாய மூடிருவான். உங்களுக்குச் சொல்லப் பயந்துபோனன்."

றோஸி தலையில் அடித்துக்கொண்டாள்.

"அட மடையா! நானும் இவ்வளவு காலமா அதையே போட்டு..." கண் கலங்கியது, சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தது. பைலா போடு தம்பி என்று மேடையைப் பார்த்துச் சிங்களத்தில் கத்தினாள்: "மல்லி, பைலா தாண்ட!"

மண்டபமே எழும்பிவிட்டது. சாமினி மணப்பெண் உடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாமனோடு ஆட வந்தாள். கேக் வெட்டி, வைன் பரிமாறி, கிழடுகள் வீட்டுக்குப் போன பிறகும் ரெனால்ட் ஆடினான். றோஸியும் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஆடினாள். காதுக்குள் இருக்கும் அந்த ஆளைப் பற்றி அவள் அதுவரை தம்பியிடம் விசாரித்ததே இல்லை. இப்போது மூச்சு வாங்கக் கேட்டாள்:

"அவன் இப்ப என்ன சொல்லுறான்?"

"தெரியாதக்கா," என்றான் ரெனால்ட், ஆட்டத்தை நிறுத்தாமல். "நான் கவனிக்கேல்ல."