நாற்பத்தைந்துக்குக் கேட்ட வீடு

ராயபுரத்தில் நாங்கள் பதினொரு வருஷம் வாடகைக்கு இருந்த வீட்டை இடித்துவிட்டு ஃப்ளாட் கட்டப்போவதாக ஹவுஸ் ஓனர் வந்து சொன்னபோது, எனக்கு வாயில் வந்த முதல் வார்த்தை ‘அப்பாடா’. அந்த வீட்டைப் பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நாங்கள் இருந்தது மாடியில். கக்கூஸ் கீழே, மூன்று குடித்தனத்துக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று. நடுவில் செங்குத்தாகப் பதினாறு படி. என்னோடு இருக்கும் அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டிருந்தன. முப்பது வருஷமாக விடியற்காலையில் காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து, தண்டையார்பேட்டையில் ஒரு தெருமுனையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து விற்றுக்கொண்டிருப்பவள். ஒரு தடவை கீழே போய்த் திரும்ப அவளுக்குக் கால் மணி நேரம் ஆகும். அதற்குப் பயந்து மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருந்தாள். இது டாக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு எனக்கு அவள்மேல் வந்த கோபத்தைவிட என்மேல் வந்த கோபம் அதிகம்.

ஆகவே நான் தேடிய வீட்டுக்கு இரண்டே தகுதிதான். லிஃப்ட் வேண்டும். உள்ளேயே, உட்கார்ந்து எழுந்திருக்கிற மாதிரி ஒரு டாய்லெட் வேண்டும். கடல் காற்று, நீச்சல் குளம், குழந்தைகள் பூங்கா எதையும் நான் கேட்கவில்லை. ஆவணி கடைசிக்குள் காலி செய்யச் சொல்லியிருந்தார் ஹவுஸ் ஓனர். என் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார், ஷிஃப்ட் வேலை. நான் ஒரு கண்டெய்னர் யார்டில் பில் போடுகிறேன். இரண்டு சம்பளத்தையும் காட்டினால் பேங்க் தரும் கடனோடு, அம்மா சேர்த்துவைத்ததையும் போட்டால் ஐம்பது லட்சம் தேறும். மூச்சைப் பிடித்தால் ஐம்பத்திரண்டு.

ஐம்பது லட்சத்துக்கு வடசென்னையில் ராஜா மாதிரி வீடு வாங்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்த அசடு நான். மெட்ரோ ரயில் வந்ததும் எங்கள் ஊருக்குத் திடீரென்று மரியாதை வந்துவிட்டது. நேற்றுவரை ‘அங்கேயா இருக்கீங்க?’ என்று மூக்கைப் பிடித்தவர்கள் இன்று காரில் வந்து இறங்கி பால்கனி பார்க்கிறார்கள். புரோக்கர் ஒருவர் எங்களை ஐந்தாம் மாடிக்கு ஏற்றி, “யக்கா, இதான் சீ வியூ” என்றார். பாத்ரூம் ஜன்னல் வழியாகக் கழுத்தை நீட்டிப் பார்த்தேன். அனல் மின்நிலையத்தின் புகைபோக்கி நன்றாகத் தெரிந்தது. இன்னொரு இடத்தில் எண்ணூற்றைம்பது சதுர அடி என்றார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் அறுநூறுகூட வராது. மிச்சம் எங்கே என்று கேட்டால், படிக்கட்டு, லிஃப்ட், வாட்ச்மேன் அறை எல்லாவற்றிலும் என் பங்கு இருக்கிறதாம். வாட்ச்மேன் அறையில் என் பங்கில் நான் போய்ப் படுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். அவர் சிரித்தார். அவரைச் சிரிக்க வைக்க நான் கேட்கவில்லை.

புது வண்ணாரப்பேட்டையில் ஒரு வீடு எல்லாவிதத்திலும் பொருந்தி வந்தது. கடைசியில் அந்த புரோக்கர் தலையைச் சொறிந்தபடி, “தப்பா எட்த்துக்காதீங்கக்கா, இங்க சைவம் துன்றவங்களுக்குத்தான் குட்ப்பாங்களாம்” என்றார்.

“நாங்க துன்றது கம்மிதாம்ப்பா,” என்றாள் அம்மா. “விக்கறதுதான் ஜாஸ்தி.”

இப்படி நாய் படாத பாடு பட்டு இரண்டு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்த பிறகு, ஆனி மாதம் திருவொற்றியூரில் அந்த வீட்டைப் பார்த்தோம். கட்டி முடித்த கட்டடம். மூன்றாவது மாடி, இரண்டு படுக்கையறை. லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா அதில் ஏறி மூன்றாவது மாடிக்கு வந்தாள், மறுபடி தனியாகக் கீழே போனாள், மறுபடி மேலே வந்தாள். பிறகு டாய்லெட்டுக்குள் போய் மூடியின்மேல் உட்கார்ந்தாள். சுவரில் ஒரு எவர்சில்வர் கம்பி பதித்திருந்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். திரும்ப உட்கார்ந்தாள், திரும்ப எழுந்தாள்.

“எய்ந்துக்க முடியுதுடி,” என்றாள் என் காதருகில். அவள் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன்.

கீழே விற்பனை அலுவலகத்துக்குள் நுழையும்போது அந்த முகம் காணாமல் போயிருந்தது. மீன் கடையில் வளர்ந்த எனக்கு அது புரிந்தது. எந்தக் கூடை வேண்டுமோ அந்தக் கூடையைப் பார்க்கக்கூடாது. கொட்டாவி விட வேண்டும். அடுத்த கூடையைத் தூக்கிப் பார்த்து முகம் சுளிக்க வேண்டும். அம்மா நாற்காலியில் சாய்ந்து, சுவரைப் பார்த்தபடி, “இன்னாப்பா, வூடு ரொம்ப சின்னதா கீது. இன்னா வெல?” என்றாள்.

டை கட்டிய அந்தப் பையன், “ஐம்பத்திரண்டு மேடம், ரிஜிஸ்ட்ரேஷனோட சேர்த்து” என்றான்.

“சொம்மா வாய்ல வந்தத சொல்லாத. நாப்பத்தஞ்சி. இப்பயே சொல்லு, முடிச்சிக்கலாம்.”

“மேடம், இது ஃபிக்ஸட் ரேட்.”

அம்மா எழுந்தாள். “வாடி, போலாம். அங்க பெர்சா ஒண்ணு சொல்லிகினு கீறான்.” அப்படி ஒருவன் எங்கேயும் இல்லை.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தப்பு அம்மாவுடையது மட்டும் இல்லை. விலை கேட்டவள் எழுந்து நடந்தால், நாலு அடி போவதற்குள் கடைக்காரி “ஏ, இங்க வா, எட்த்துகினு போ” என்று கூப்பிட வேண்டும். இதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். எத்தனை வாடிக்கைக்காரர்களை அம்மா அப்படித் திருப்பிக் கூப்பிட்டிருக்கிறாள்! ஆகவே நானும் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மாஸ்டர் டிகிரி படித்தவள், திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். வாசல் தாண்டினோம். கேட் தாண்டினோம். அம்மா வேண்டுமென்றே மெல்ல நடந்தாள், அவனுக்கு நேரம் கொடுப்பதற்காக. மெயின் ரோடு வந்துவிட்டது. ஒருவரும் கூப்பிடவில்லை.

எதிரே டீக்கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அலுவலகத்தில் நம்பர் எழுதிக் கொடுத்திருந்த என் போனை மேஜைமேல் எடுத்து வைக்கச் சொன்னாள் அம்மா.

“வெயில் ஏறட்டும்,” என்றாள். “விடியல்ல எவன் வெலய எறக்குவான்? ஐஸ் கரையறப்ப அவனே கூப்டுவான்.”

அவளுடைய தொழிலில் அது சத்தியம். காலையில் கிட்டே போக முடியாத வஞ்சிரம், பதினோரு மணி வெயிலுக்கு இறங்கித்தான் ஆக வேண்டும். வீட்டுக்கு வெயில் எப்போது என்பதையும் அவளே கணக்கிட்டு வைத்திருந்தாள். “ஆடில எவனும் வூடு வாங்க மாட்டான். அப்ப போலாம்.” எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஒரு லட்சம் குறைந்தாலும் ஒரு பீரோ ஆகுமே என்று மனக்கோட்டை கட்டினேன். என் கணவர் மட்டும், “பிடிச்சிருந்தா முடிச்சிட வேண்டிதுதான? இன்னாத்துக்கு இழுத்துகினு கீறீங்க?” என்று இரண்டு தடவை கேட்டார். கிரேன் ஓட்டுகிறவருக்கு வியாபாரம் என்ன தெரியும் என்று நாங்கள் இருவரும் அவரை உட்கார வைத்துவிட்டோம்.

ஆடி பிறந்து நாலாம் நாள் போனோம். வாசலில் பெரிய பேனர், ஆடிச் சலுகை என்று. அம்மா என் கையைக் கிள்ளினாள். உள்ளே அதே பையன், அதே டை. சமையலறை அலமாரிகள் இலவசம் என்றான். மிச்சம் இருக்கும் வீடுகளின் விலை ஐம்பத்தாறு என்றான். நாங்கள் பார்த்த மூன்றாவது மாடி வீடு போய்விட்டது. வெளியூர்க்காரர் ஒருவர் போனில் வீடியோ பார்த்தே முன்பணம் கட்டிவிட்டாராம். நேரில்கூட வரவில்லை. லிஃப்டில் ஏறிப் பார்க்கவில்லை, கம்பியைப் பிடித்து எழுந்து பார்க்கவில்லை.

ஆட்டோவில் திரும்பும்போது நான் வாயை அடக்கியிருக்கலாம். அடக்கவில்லை. “உன் மீன் கடை புத்தியால வீடு போச்சு. போற எடத்துலயும் காலத்துக்கும் பதினாறு படி ஏறி இறங்கிக்கினு கெட!” என்று கத்தினேன். ஆட்டோக்காரரே கண்ணாடியில் பார்த்தார். சண்டை என்றால் தெருவே திரும்பிப் பார்க்கும்படி பேசுகிற அம்மா, அன்று முழங்காலைத் தடவிக்கொண்டே வந்தாள். அந்த மீன் கடைதான் எனக்குச் சோறு போட்டது, ஃபீஸ் கட்டியது. ஆத்திரத்தில் சொன்னதுதான், ஆனாலும் சொன்னது நான்தானே.

ஆவணியில், காலி செய்ய இரண்டே வாரம் இருக்கும்போது, எர்ணாவூரில் ஒரு வீடு கிடைத்தது. நாலாவது மாடி, ஒரு படுக்கையறை. ‘ஸ்டடி’ என்று இன்னொரு பொந்து, அதில் ஒரு கட்டில் போட்டால் கதவு பாதிதான் திறக்கும். வெளியே கண்டெய்னர் லாரிகள் ராப்பகலாகப் போகும், ஜன்னல் கம்பியில் கறுப்பாகத் தூசி படியும். லிஃப்ட் இருந்தது. உள்ளே டாய்லெட் இருந்தது, கம்பி இல்லை. திருவொற்றியூரில் இரண்டு மாதத்துக்கு முன்னால் இரண்டு படுக்கையறைக்குக் கேட்டதைவிட மூன்று லட்சம்தான் குறைவு. அலுவலகத்தில் இருந்தவர் விலையைச் சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்தார். காசிமேட்டு ஏலத்தில் ஆம்பளைகளையே மடக்கியவள், தலையைக் குனிந்துகொண்டு, “நீயே பேசும்மா, எனுக்கு இன்னா தெரியும்” என்றாள். நான் ஒரு பைசா குறைத்துக் கேட்கவில்லை.

குடிவந்து ஆறு மாதம் ஆகிறது. லிஃப்ட் வாரத்துக்கு ஒரு நாள் படுத்துக்கொள்ளும், மற்றபடி ஓடுகிறது. டாய்லெட்டில் கம்பியை நாங்களே வாங்கிப் பதித்தோம். அம்மா மத்தியானத்துக்கு மேலும் தண்ணீர் குடிக்கிறாள். வியாபாரத்துக்குப் போவது வாரத்தில் மூன்று நாளாகிவிட்டது, மற்ற நாட்களில் கீழே வாட்ச்மேன் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வாள். அந்தச் சண்டையைப் பற்றி நாங்கள் இருவரும் பேசவே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலை நான் பால் வாங்கிக்கொண்டு கேட்டுக்குள் நுழைந்தேன். விற்காமல் கிடக்கும் இரண்டாவது மாடி வீட்டைப் பார்க்க ஒரு சின்ன வயதுப் பெண்ணும் அவள் புருஷனும் வந்திருந்தார்கள். பெண் மாசமாக இருந்தாள். புரோக்கர் விலையைச் சொன்னார். அவள் முகத்தை ஒருமாதிரி வைத்துக்கொண்டு, “வேணாம், வா, நெட்டுக்குப்பத்துல கம்மியா ஒண்ணு கீதாம்” என்று புருஷன் கையை இழுத்தாள். என்னைத் தாண்டி இருவரும் மெல்ல, ரொம்ப மெல்ல, கேட்டை நோக்கி நடந்தார்கள். புரோக்கர் போனை எடுத்து வேறு யாருக்கோ பேச ஆரம்பித்துவிட்டார்.

நாற்காலி சாயும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். கம்பி பிடிக்காமல் எழுந்திருக்கத் திணறும் அம்மா எழுந்து நின்றிருந்தாள். ஒரு கையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவர்கள் பின்னால் ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

“ஏம்மே, நில்லு!” தெருமுனையில் மீன் விற்கும் அதே குரல். “அவன் கூப்ட மாட்டான். நான் கூப்டறேன், திரும்பி வா.”