கண்ணாடி இல்லாத ஜன்னல்

தண்ணீருக்குள் தலைகீழாகத் தொங்குகிறவர்களைக் கவனித்துக்கொள்வதுதான் தவளையின் பிழைப்பு. பட்டப்பெயரும் பயிற்சிக் குளம் கொடுத்ததுதான். நடுக்கடலில் இருக்கும் எண்ணெய்க் கிணறுகளுக்கு ஹெலிகாப்டரில் வேலைக்குப் போகிற எவரும் முதலில் இங்கே முங்கி எழுந்தாக வேண்டும். ஹெலிகாப்டர் கடலில் விழுந்தால் பெரும்பாலும் குப்புறக் கவிழும். அதனால் அதைப் போலவே செய்த கூண்டில் நாலு பேரை பெல்ட் போட்டு உட்காரவைத்து, குளத்தில் இறக்கி, அப்படியே புரட்டுவார்கள். ஜன்னல் விளிம்பைப் பிடித்து, பெல்ட்டைக் கழற்றி, வெளியே வந்தால் பாஸ்.

ஜன்னல் என்பது பேச்சுக்குத்தான். கண்ணாடி மாட்டினால் பாதிப் பேர் ஃபெயிலாகிறார்கள், கம்பெனிகள் வேறு குளத்துக்கு ஆளை அனுப்புகின்றன என்று மேனேஜர் அவற்றைக் கழற்றி ஸ்டோரில் போட்டுவிட்டார். மிச்சம் வெறும் ஓட்டை. நிஜ ஹெலிகாப்டரிலோ கண்ணாடியின் மூலையில் ஓங்கி இடித்துத் தள்ள வேண்டும்.

"பழகினதைத்தான் சார் கை செய்யும். ஓட்டையைப் பழகினா ஓட்டையைத்தான் தேடும்," என்று தவளை சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

"ஜன்னல் வழியா வரணும்னுதான்யா விதியில இருக்கு. கண்ணாடி இருக்கணும்னு இருக்கா?" மேனேஜர் சிரிப்பார். "போ, போய் நீந்து."

இந்த முறை வந்தவர்களில் ஒருவன் தவளையின் மச்சான், மனைவியின் தம்பி. வெல்டர். சில வருஷத்துக்கு ஒரு தடவை மறுபடி முங்கியாக வேண்டும்; ஏற்கெனவே இரண்டு முறை பாஸானவன்.

"என்ன மாமா, வாஷிங் மெஷின் ரெடியா? இன்னிக்கு வெளுத்துடுவீங்களா?"

தவளை அவனைக் கூண்டில் உட்காரவைத்து பெல்ட்டை மாட்டினான். மேனேஜர் வருவதற்கு முன்பே ஸ்டோரிலிருந்து ஒரு கண்ணாடியைக் கொண்டுவந்து மச்சான் பக்கத்து ஜன்னலில் பொருத்தியிருந்தான். யாரிடமும் சொல்லவில்லை. கடல் மட்டும் சொல்லிவிட்டா செய்யும்?

கூண்டு கவிழ்ந்தது. மூன்று பேர் வெளியே வந்துவிட்டார்கள். மச்சான் கையை நீட்டினான். கண்ணாடி தட்டுப்பட்டது. அவன் இடிக்கவில்லை. துடைக்கிறவன் மாதிரி அதைத் தடவித் தடவி ஓட்டையைத் தேடினான். வாயிலிருந்து குமிழிகள் கொப்பளித்தன. தவளை வெளியிலிருந்து கண்ணாடியைப் பிடுங்கி எறிந்து, பெல்ட்டைக் கழற்றி அவனை இழுத்தான்.

கரையில் குடித்த தண்ணீரையெல்லாம் கக்கிவிட்டு மச்சான் கேட்டான்: "கண்ணாடி எங்கேர்ந்து மாமா வந்துச்சு?"

"ஹெலிகாப்டர்லேர்ந்து."

"அக்காவைக் கட்டிக்கிட்டு என்னையே கொல்லப் பாத்தீங்களே!"

"இன்னும் நாலு தடவை இறங்குடா. மூலையில இடி. கை கத்துக்கும்."

"செத்தாலும் மாட்டேன்."

மேனேஜர் கத்தக்கூட இல்லை. இருந்த கண்ணாடிகளையெல்லாம் காயலான் கடைக்கு அனுப்பினார், தவளையைக் கரையில் உட்காரவைத்தார். மதியம் வேறொருவனைக் காவலுக்கு வைத்து மச்சானை மறுபடி இறக்கினார்கள். ஓட்டை வழியாக மீன் மாதிரி வந்தான். கை தட்டினார்கள்.

வேலைக்குக் கிளம்பும் அன்று மச்சான் அக்காவிடம் சொல்லிக்கொள்ள வந்தான். தவளையால் சும்மா இருக்க முடியவில்லை.

"ஜன்னல் பக்கம் உக்காந்தா மூலையை ஞாபகம் வெச்சுக்கடா."

"ஜன்னலே வேணாம் மாமா. பாத்தாலே மூச்சு முட்டுது. நடு சீட்டுதான். ஏதாவதுன்னா பக்கத்துல இருக்கறவன் தொறப்பான்."

"அவன் எங்க ட்ரெயினிங் எடுத்தவன்?"

மச்சான் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்: "உங்க குளத்துலதான்."