லெப்டொப்புக்குத் திருநீறு

தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருக்கும் லயத்தில் ஒரு கதை உண்டு. திருநீறு பூசிப் பூசியே ஒரு அம்மா லெப்டொப்பைக் கெடுத்துவிட்டாராம். கல்யாண வீட்டில் வெங்காயம் உரிக்கும்போதும், மடுவத்தில் கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்கும்போதும் யாராவது ஒருத்தி இந்தக் கதையை எடுத்துவிடுவாள். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அந்த அம்மா என் அம்மாதான். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார், சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். அந்தக் கதையில் பாதி பொய். அந்தப் பொய்யைச் சொன்னவன் நான்.

நான் கொழும்பில் ஒரு போன் கடையில் வேலை செய்கிறேன். திரைக்குக் கண்ணாடி ஒட்டுவேன், கவர் விற்பேன், சார்ஜர் வேலை செய்கிறதா என்று செருகிப் பார்ப்பேன். அவ்வளவுதான் என் வித்தை. ஆனால் அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தோட்டத்துக்கு வந்து கேட்டால் நான் கம்ப்யூட்டர் இஞ்சினியர். அந்தப் பட்டத்தை நானாகச் சூட்டிக்கொள்ளவில்லை. யாரோ சொன்னார்கள், நான் மறுக்கவில்லை. லீவுக்கு வந்தால் லயத்து ரிமோட், ரேடியோ, போன் எல்லாம் எங்கள் வாசல் இஸ்தோப்புக்கு வந்துவிடும். பாதிக்கு மேல் பற்றரியை மாற்றினாலே சரியாகிவிடும். "பாத்தியா, தம்பி கை வச்சதும் வேல செய்யுது!" என்பார்கள். எனக்கும் கொம்பு முளைத்துவிட்டது.

லெப்டொப் என் தங்கையுடையது. அப்போது அவள் கல்வியியற் கல்லூரியில் கடைசி வருஷம். வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் ஒரு பாடசாலையில் பயிற்சி ஆசிரியையாகப் படிப்பித்துக்கொண்டிருந்தாள். கூடவே ஒரு ஆய்வறிக்கையும் எழுதிக் கொடுக்க வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகள் ஏன் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் அவள் எடுத்த விஷயம். ஞாயிற்றுக்கிழமைகளில் லயம் லயமாக ஏறி இறங்கி, அம்மாமார்களிடம் கேட்டு, எல்லாவற்றையும் அந்த லெப்டொப்பில் தட்டி வைத்திருந்தாள். அந்த அறிக்கையைக் கொடுத்தால்தான் ஆசிரியை நியமனம். அதற்கு ஒரு பழைய லெப்டொப்பைக் கொழும்பில் தேடிப்பிடித்து அனுப்பியவன் நான்தான் என்பதை அவளுக்கு அடிக்கடி ஞாபகப்படுத்துவேன்.

எங்கள் பக்கத்து ஈரத்தைச் சொல்லத் தேவையில்லை. பெட்டியில் மடித்து வைத்த சேலைகூடப் பூத்துவிடும். எங்கள் வீட்டில் ஈரம் ஏறாத சுவர் ஒன்றே ஒன்றுதான். அந்தப் பக்கம் அடுப்பு, இந்தப் பக்கம் சாமித்தட்டு. லெப்டொப்பும் அங்கேதான், அம்மன் படத்துக்குக் கீழே இருக்கும், சார்ஜும் அங்கேயே. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டால் அதற்கும் ஒரு சுற்றுப் புகை உண்டு, மூடியில் மூன்று விரல் திருநீறும் குங்குமமும் உண்டு. தங்கை ஒருநாள் முனகினாளாம். "படிப்பு உள்ள இருக்கில்ல? அது சாமி இல்லாம வேற என்ன?" என்று அம்மா கேட்டிருக்கிறார். அதற்கு மேல் அவள் என்னத்தைச் சொல்வாள்!

பிறகு லெப்டொப் மெதுவாகிவிட்டது. ஒரு பக்கம் திறக்க ஒரு கோப்பைத் தேத்தண்ணி குடித்து முடிக்கலாம். எழுதிக்கொண்டிருக்கும்போதே அப்படியே உறைந்து நின்றுவிடும். யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று அம்மா முடிவு கட்டிவிட்டார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எங்கள் வீடுகளில் முதல் வைத்தியம் ஒன்று உண்டு. உள்ளங்கையில் திருநீறு எடுத்து, சாமியை நினைத்துக் கும்பிட்டு, நெற்றியில் பூசி, மிச்சத்தை முகத்தில் ஊதிவிடுவது. லெப்டொப்புக்கும் அதே வைத்தியம் நடந்தது. தங்கை எழுதிக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்று, எழுத்துக் கட்டைகளின் மேலே ஃபூ என்று ஊதிவிடுவார். ஊத ஊத அது இன்னும் மெதுவானது. மெதுவாக ஆக ஆக அம்மா இன்னும் ஊதினார்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் நான் வந்து சேர்ந்தேன். தங்கை பாடசாலைக்குப் போயிருந்தாள். அம்மா வேலை முடிந்து வந்து, கூடையை இறக்காமலேயே சொன்னார்: "தம்பி, பாப்பாவோட மெஷின கொஞ்சம் பாத்துக் குடுப்பா. பத்து நாள்ல குடுக்கணுமாம், அழுவுறா."

லெப்டொப்பைச் சாமித்தட்டிலிருந்து இறக்கினேன், திறந்தேன், ஆடாமல் அசையாமல் நின்றது. எனக்குத் தெரிந்த ஒரே மருந்து ஃபோமட் அடிப்பதுதான். அதாவது உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுவது. எங்கள் கடைக்குப் பக்கத்துக் கடைப் பையன்கள் எந்த நோய்க்கும் அதைத்தான் செய்வார்கள். பார்த்துப் பார்த்தே எனக்கும் பாடம். திரையில் ஒரு கேள்வி வந்தது: உங்கள் கோப்புகளை வைத்துக்கொள்ளவா, எல்லாவற்றையும் அழிக்கவா? எல்லாவற்றையும் அழித்தால்தான் சுத்தமாகும் என்று நினைத்தேன். தங்கை முக்கியமானதை வேறு எங்காவது எடுத்து வைத்திருப்பாள் என்றும் நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அதைப் பற்றி அரை நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "பாப்பாகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு செய்யலாமேப்பா. வளைவுக்குப் போனா சிக்னல் இருக்கும், கூப்புட்டுப் பாரேன்."

கோயில் வளைவு, நடந்தால் ஐந்து நிமிஷம். மழை தூறிக்கொண்டிருந்தது. "சும்மா இருங்கம்மா. ஒங்களுக்கு இதுல என்னா தெரியும்?" என்றேன்.

அம்மா சும்மா இருந்தார். நான் அழுத்தினேன்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் சுற்றிச் சுற்றி முடிந்தது. பார்த்தால் மறுபடியும் அதே உறைதல். லெப்டொப்பின் அடிவயிறு தொட்டால் சுட்டது. அப்போதுதான் புத்தி வந்து, பின்பக்கத்து ஆணிகளைக் கழற்றினேன். உள்ளே ஒரு சின்ன ஃபேன் இருக்கும், சூட்டை வெளியே தள்ளுவதற்கு. அது சுற்றவே இடமில்லை. சாம்பலும் சாம்பிராணிப் புகையும் ஈரமும் சேர்ந்து, பல்லிடுக்கில் மாவு அப்பியது மாதிரி அப்பிக்கிடந்தது. பழைய பல்துலக்கும் பிரஷை எடுத்துத் தட்டித் தட்டிப் பத்திரிகைத் தாளில் கொட்டினேன். ஒரு சின்னக் குவியலே சேர்ந்தது. மூடிப் போட்டதும் லெப்டொப் குதிரை மாதிரி ஓடியது.

அட கடவுளே! முதலிலேயே இந்த ஆணிகளைக் கழற்றியிருந்தால் போதும். ஃபோமட்டுக்கு எந்தத் தேவையுமே இருக்கவில்லை. அது எனக்கு அந்த நிமிஷமே தெரியும். ஆனாலும் வேகமாக ஓடுகிறதே என்ற பெருமையில் விசிலடித்துக்கொண்டு தங்கைக்காகக் காத்திருந்தேன்.

வந்தாள். குடையைக்கூட மடிக்காமல் உட்கார்ந்து பார்த்தாள். "ஐயோ அண்ணே, எவ்வளவு வேகம்!" என்றாள். பிறகு இங்கே தேடினாள், அங்கே தேடினாள், முகம் மாறிவிட்டது. "அண்ணே, என் ஃபைல் எங்க?"

"எதுல வச்சிருந்த?"

"முன்னுக்குத்தான். தெறந்த ஒடனே தெரியுற மாதிரி. அண்ணே, எங்க அது?"

வேறு எங்கும் அவள் எடுத்து வைக்கவில்லை. முதல் அத்தியாயம் மட்டும் டவுனில் அச்செடுத்த தாளாக இருந்தது. அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தார். இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். நான் அழித்துவிட்டேன் என்று சொல்ல இரண்டு சொல் போதும். என் கை பத்திரிகைத் தாளைத் தூக்கி நீட்டியது.

"இதப் பாரு. எல்லாம் துன்னூறு. உள்ள போய் அடைச்சு, சூடேறி, எல்லாத்தையும் அழிச்சிருச்சு. நான் கை வைக்கிறப்பவே போயிருச்சு."

தங்கை அந்தச் சாம்பலைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். அம்மாதான் பேசினார். "நான்தான் ஊதுனேன்... நல்லதுக்குன்னுதானே பாப்பா ஊதுனேன்..." என்று சொல்லிக்கொண்டே சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். கேட்டுவிட்டுச் செய் என்று எனக்குச் சொன்னதையே அவர் மறந்துபோனார். என் பேச்சின்மேல் அவ்வளவு நம்பிக்கை!

மறுநாள் லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு ஹட்டனுக்குப் போனேன். பழுது பார்க்கும் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவர் அதை ஏதோ ஒன்றில் மாட்டி நெடுநேரம் பார்த்தார்.

"தம்பி, ஃபோமட் அடிச்சா?"

"ஆமாங்க நானா."

"எல்லாத்தையும் அழின்டு குடுத்தீங்களா?"

தலையாட்டினேன்.

"அப்ப ஒண்டும் வராது. ஃபேன் அடைச்சா மெஷின் நிக்கும், எழுதினது எங்கயும் போகாது. அது அப்பிடியேதான் இருந்திருக்கும். கேக்காமயா அழிச்சீங்க?" அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வீட்டுக்கு வந்து, "கடையிலயும் அதேதான் சொன்னாங்க" என்றேன்.

அந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் பலகாரம் சுடவில்லை. தங்கை கொப்பிகளை விரித்து வைத்து மறுபடியும் முதலிலிருந்து தட்டத் தொடங்கினாள். பாதிப்பேர் சொன்னதுதான் கொப்பியில் இருந்தது. மீதிப்பேர் சொன்னதை அவள் நேராக லெப்டொப்பிலேயே எழுதியிருந்தாள். அது இனி இல்லை. அம்மா அவளிடம் அந்தப் பெண்கள் எந்தெந்த லயம் என்று கேட்டுக்கொண்டு, மழையில் படங்குத் துண்டைத் தலையில் போட்டுக் கிளம்பிவிட்டார். மேல் டிவிஷன், கீழ் டிவிஷன், ஆற்றுக்கு அந்தப் பக்கம் என்று ஒவ்வொரு வீட்டிலும் நின்று, "எம்புள்ள எழுதி வச்சத நான் கெடுத்துப்புட்டேன். ஒரு நட வந்து மறுபடியும் சொல்லிட்டுப் போங்கம்மா" என்று கேட்டிருக்கிறார். கதை தோட்டம் முழுக்கப் பரவியது அப்படித்தான். வேறு யாரும் பரப்பவில்லை, அம்மாவே வீடு வீடாகப் போய்த் தன்மேல் பழி சொல்லிவிட்டு வந்தார். வந்த பெண்கள் இஸ்தோப்பில் வரிசையாக உட்கார்ந்து பதில் சொன்னார்கள். அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தது நான். ஒவ்வொருத்தியும் கோப்பையை வாங்கும்போது, "தம்பி வந்ததால மெஷினாச்சும் தப்பிச்சுச்சு" என்றாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. லீவு முடிந்ததும் கொழும்புக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

அறிக்கை நாள் பிந்தித்தான் போனது. கூடப் படித்தவர்கள் நியமனம் வாங்கிப் பல மாதம் கழிந்த பிறகே அவளுக்குக் கடிதம் வந்தது. அந்த மாதங்கள் முழுக்க அம்மா வெள்ளிக்கிழமை ஒரு வேளை சாப்பாட்டை விட்டார். லெப்டொப்பைத் தொடவே மாட்டார். தரை கூட்டும்போதுகூட அதை வைத்திருந்த மேசையைச் சுற்றிக்கொண்டு போவார்.

தங்கையிடம் அடுத்த வருஷம் உண்மையைச் சொன்னேன். "நான் அந்தச் சாம்பலப் பாத்துட்டு அம்மாவோட நாலு நாள் மொகங்குடுத்துப் பேசல, தெரியுமா?" என்றாள். பிறகு, "அம்மாகிட்ட சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன், நீங்கதான் சொல்லணும்" என்றாள். அதன் பிறகு ஒவ்வொரு லீவிலும் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் கண் கேட்கும். நான் வேறு பக்கம் பார்ப்பேன். இப்படியே மூன்று வருஷம் ஓட்டினேன், கோழை.

போன தைப்பொங்கலுக்குத்தான் சொன்னேன். அம்மா அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் குந்தி, பார்வையை அடுப்பிலேயே வைத்துக்கொண்டு, ஒரே மூச்சில் கொட்டினேன். "அம்மா, பாப்பா எழுதினது போனது ஒங்களால இல்ல. நான்தான் அழிச்சேன். துன்னூறு ஃபேனத்தான் அடைச்சுச்சு, தொடைச்சதும் சரியாயிருச்சு. நீங்க கேட்டுட்டு செய்யச் சொன்னீங்க, நான் கேக்கல. அப்புறம் பொய் சொல்லிட்டேன்."

அம்மாவின் கை நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தார். கண் நிறைந்திருந்தது. "இம்புட்டு நாளா இத மனசுல வச்சிக்கிட்டா இருந்த சாமி?" என்றார். மாவுக் கையாலேயே என் கன்னத்தைப் பிடித்தார். அப்பாடா என்று எனக்கு மூச்சு வந்தது.

"அம்மா மனசு நோவுதுன்னு இப்புடி ஒரு பொய் சொல்லணுமாப்பா? ஊதுனது நான்தானே. அந்தச் சாம்பல என் கண்ணால பாத்தேனே."

"பொய் இல்லம்மா, சத்தியமா நான்தான்..."

"போதும்ப்பா. அம்மாவுக்குத் தெரியாதா?"

தங்கை கதவருகில் நின்றாள். "அண்ணன் சொல்றது உண்மதாம்மா" என்றாள். அம்மா அவளையும் பார்த்துச் சிரித்தார். "ரெண்டு பேரும் பேசி வச்சிக்கிட்டு வந்திருக்கீங்க" என்று சொல்லிவிட்டு ரொட்டியைப் புரட்டிப்போட்டார்.

மறுநாள் நான் பஸ்ஸுக்குப் போகும் வழியில் மலையிலிருந்து பெண்கள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் வந்த பக்கத்து வீட்டு அக்கா என்னை மறித்தார். "அம்மா மேல இருந்த பழிய ஒம்மேல போட்டுக்கிட்டியாமே தம்பி! காலையில வேலைக்குப் பேர் குடுக்குற பெரட்டுல ஒங்கம்மா எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லி அழுதாங்க. ஒன்னய மாதிரி புள்ள எந்த லயத்துல இருக்கு?"

அவருக்குப் பின்னால் அம்மா கூடையோடு நின்றார். பிறந்ததிலிருந்து என்னை அவர் அவ்வளவு பெருமையாகப் பார்த்ததில்லை. பஸ் வந்தது. நான் ஏறிக்கொண்டேன்.