தானாக நின்ற கார்

ரயில் கடவையில் மகனின் புதுக் கார் தானாகவே ஓய்ந்தது. நான் கதவின் பிடியை இறுகப் பற்றினேன்.

"பயப்பிடாதீங்கம்மா. எண்ணெய் மிச்சம் பிடிக்க அதுவா நிக்கும், அதுவா ஸ்டார்ட் ஆகும்."

யுத்த காலத்தில் பெற்றோல் கிடைக்காமல் அப்பாவின் பழைய கார் மண்ணெண்ணெயில் ஓடியது. நின்று கிளம்பும்போது புகைக்குழாய் துவக்குச் சத்தம்போல வெடிக்கும். அதனால் இராணுவக் காவலரணுக்கு எட்டத்திலேயே எஞ்சினை நிறுத்திவிட்டு, எல்லோரும் இறங்கித் தள்ளிக்கொண்டே கடப்போம்.

ஒருநாள் கரடியனாற்றிலிருந்து நானும் அப்பாவும் மட்டும் வந்தோம். காவலரணின் மணல்மூட்டைகளுக்கு முன்னால் சேற்றில் சில்லுப் புதைந்து, கார் அசையவில்லை. ஸ்டார்ட் பண்ணச் சொல்லி ஒரு சிப்பாய் சைகை காட்டினான். அப்பாவுக்குச் சிங்களம் தெரியாது. வெடிக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவைக்க நினைத்து, இரண்டு கைகளையும் அகல விரித்து, "டமார்!" என்றார்.

துவக்குகள் எங்கள் பக்கம் திரும்பின. என் காலோடு சிறுநீர் வழிந்தது.

"அசையாத, புள்ள."

அப்பா மெல்ல பொனற்றைத் திறந்தார். கார்பரேட்டர், பெல்ட், நாலைந்து வயர். ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். சிப்பாய் குனிந்து பார்த்தான், மண்ணெண்ணெயை முகர்ந்தான். பிறகுதான் துவக்கைத் தாழ்த்தினான்.

ரயில் போனதும் மகனின் கார் சத்தமில்லாமல் உயிர்பெற்றது.

"இதுட எஞ்சினத் திறந்து பாத்திருக்கியா, மகன்?"

"திறந்தாலும் கறுப்பு மூடிதானம்மா தெரியும்."

அப்படியென்றால், எதைத் தொட்டுக் காட்டுவது?