கோட்டைப்பட்டினத்தில் ஒரு துப்பறியும் நாவலுக்கு அனுமதி கேட்கப் போனோம்

கோயில் பார்க்க, கடல் பார்க்கப் பஸ் ஏறுவார்கள். நான் போன மாதம் ஒரு சனிக்கிழமை புதுக்கோட்டைக்குப் போனது ஒரு பதிப்பகத்தின் புத்தகப் பட்டியலைப் பார்த்துவிட்டு.

நான்கே பக்கம்தான். குதிரை வைத்தியம், பர்மாவிலிருந்து நடந்தே ஊர் திரும்பிய ஒரு தபால்காரரின் குறிப்புகள், செய்யுளில் கணக்குப் பாடம், அதற்குக் கீழேயே ஊறுகாய்ப் புத்தகம். எல்லாம் எப்போதோ அச்சாகி, எல்லோரும் மறந்துபோனவை. கடைசியில் ‘விரைவில்’ என்று ஓர் அறுபது வருடத்துத் துப்பறியும் நாவல். மூன்று வருடமாக அது ‘விரைவில்’தான். போன் செய்து ஏன் என்று கேட்டேன். “சனிக்கிழமை காலையில வாங்க. அதுக்காகத்தான் கெளம்புறேன், சேந்து போவோம்” என்றார் பதிப்பாளர் மல்லிகா.

திருச்சியிலிருந்து காலை 6.10 பஸ். ஒன்றேகால் மணி நேரம். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டிலிருந்து திருக்கோகர்ணத்துக்கு ஆட்டோ 100 ரூபாய். (டவுன் பஸ்ஸும் உண்டு. எனக்குப் பொறுமை இல்லை.) பதிப்பகம் என்பது மல்லிகாவின் வீட்டு முன்னறை. ஐம்பது வயதுக்காரர், வேகமாகப் பேசுகிறார். எந்தக் கணக்கில் புத்தகங்களைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று கேட்டேன். “படிச்சு முடிச்சதும் திரும்ப மொதல்ல இருந்து படிக்கணும்னு தோணுச்சுன்னா போடுவேன். வேற கணக்கு இல்லைங்க.”

கோட்டைப்பட்டினத்துக்கு மாறுவதற்காக அறந்தாங்கி போகிற பஸ்ஸில் விஷயத்தைச் சொன்னார். நாவலின் அட்டையில் இருப்பது ஓர் ஆணின் பெயர். ஆனால் பழைய புத்தகக் கடையில் அவர் வாங்கிய பிரதிக்குள் அதே நாவலின் இரண்டு அச்சுத் தாள்கள், எழுதியவர் பிழை பார்ப்பதற்காக அனுப்புவது, மடித்து வைத்திருந்தன. ஓரத்தில் மையால் பிழை திருத்தம். அடியில் ஒரு பெண்ணின் கையெழுத்து, கோட்டைப்பட்டினம் முகவரி. விசாரித்ததில் அவர் இறந்து பல வருடம் ஆகிவிட்டதாகத் தெரிந்தது. மகள் ஹபீபா அங்கேயே இருக்கிறார். போனில் இரண்டு தடவை கேட்டும், “எங்கம்மா கதையெல்லாம் எழுதினதில்லை” என்று வைத்துவிட்டாராம்.

“அவங்க சம்மதிக்காம போட மாட்டேன். இன்னைக்கும் இல்லைன்னா பட்டியல்ல இருந்து எடுத்துர வேண்டியதுதான்” என்றார். அவர் கொடுத்த நகலை நான் பஸ்ஸிலேயே படிக்க ஆரம்பித்தேன். ஓர் அரிசி மண்டி முதலாளி கொலையாகிறார். வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் அவரைக் கொல்லக் காரணம் இருக்கிறது. அறந்தாங்கியில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நாற்பது நிமிடம் நின்றோம். அந்த வெயில்கூட எனக்கு உறைக்கவில்லை. கோட்டைப்பட்டினத்தில் இறங்கும்போது மணி 11.20, கொலைகாரன் யாரென்று தெரிந்துவிட்டது. நான் சந்தேகப்பட்ட ஆள் இல்லை.

ஹபீபாவின் வீடு கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி. அறுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். வாசலிலேயே, “போன்லயே சொன்னேன்ல?” என்றார். ஆனாலும் உள்ளே கூப்பிட்டு சர்பத் கொடுத்தார். மல்லிகா அந்த இரண்டு தாள்களை மேசையில் வைத்தார்.

ஹபீபா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். விரல் ஓர் எழுத்தில் போய் நின்றது.

“இந்த ‘ழ’ எங்கம்மா போடுறது. வால இப்புடித்தான் இழுத்து விடும்.” தாளைக் கண்ணுக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோய், “எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே” என்றார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

பிறகு என் பக்கம் திரும்பினார். “நீங்க படிச்சீங்களா தம்பி? நல்லாருக்கா?”

“கொலைகாரனைக் கண்டுபிடிக்க முடியலம்மா.”

“நான் கண்டுபிடிக்கிறேன். ஒங்க நம்பர இதுல எழுதிட்டுப் போங்க. மல்லிகா, படிச்சிட்டுத்தான் பதில் சொல்லுவேன்.” நகலை வாங்கிக்கொண்டார். வெறுங்கையோடு திரும்பினோம். மல்லிகா வழி நெடுக ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

போக நினைப்பவர்களுக்கு: பதிப்பகம் வீடு என்பதால் போன் செய்துவிட்டுப் போங்கள். புதுக்கோட்டையிலிருந்து கோட்டைப்பட்டினம் அறந்தாங்கி வழியாக 65 கிலோமீட்டர், காத்திருப்பதையும் சேர்த்து மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்காக அங்கே கடைகள் மூடியிருக்கும். பஸ்ஸில் படிக்கக் குதிரை வைத்தியத்தைச் சிபாரிசு செய்கிறேன், குதிரை இல்லாதவர்களுக்கும்.

ஐந்தாம் நாள் ஹபீபா கூப்பிட்டார். எடுத்ததுமே சிரிப்பு.

“கொலைகாரன எனக்கும் கண்டுபிடிக்க முடியல தம்பி. ஆனா செத்தது யாருன்னு மொதப் பக்கத்துலயே தெரிஞ்சிருச்சு. அது எங்க பெரியத்தா. நீங்க பெரியப்பான்னு சொல்லுவீங்களே, அத்தாவோட அண்ணன். அதே மண்டி, அதே இருமல், வீட்டுல எல்லாரையும் அதே வெரட்டு. அதான் அம்மா ஆம்பளப் பேருல ஒளிஞ்சிருக்கு.”

“அது தான்தான்னு பெரியத்தாவுக்குத் தெரியுமா?”

“எங்க தெரியும்! சின்னப் பிள்ளையில பெரியத்தா ஏதோ கொலைக் கதைய சத்தமா வாசிக்கும், நாங்க சுத்தி ஒக்காந்துருப்போம். இதுதான் அதுன்னு இப்பத்தான் புரியுது. ‘இவனுக்கு இது வேணும்’னு சொல்லிச் சொல்லி வாசிக்கும். அம்மா அடுப்படிக் கதவுல சாஞ்சு, கடைசிப் பக்கம் வரைக்கும் கேட்டுக்கிட்டு நிக்கும்.”

சிரித்து ஓய்ந்த பிறகு சொன்னார்: “அம்மா பேரையே பெருசாப் போடச் சொல்லிட்டேன்.”